காப்பித்தூள் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்: விலை நல்லா இருக்கறப்பவே பேசி எழுதிக்குவோம்

தமிழ்நாட்டுல காப்பிக்கொட்டை வாங்கி வறுத்து அரைச்சு விக்கிற முதலாளிமாருக்கும், ஊருக்கு ஊரு ஃபில்டர் காப்பிக் கடை நடத்துற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், கீழ்ப்பழனி மலையிலருந்து வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். 2025 பிப்ரவரியில நியூயார்க் மார்க்கெட்ல அராபிகா ரகக் காப்பி பவுண்டுக்கு, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியான எடைக்கு, 4 டாலரத் தாண்டிப் போச்சு, 1977ல வந்த பழைய உச்சத்தையெல்லாம் விட்டுட்டுப் போன விலை அது. பிரேசில்லயும் வியட்நாம்லயும் வறட்சி, அங்க காய்ப்பு கம்மி, அதனால எங்க மலையிலயும் பல வருஷமா பாக்காத விலைய பாத்தோம். இப்படி இருக்கறப்ப எதுக்கு இவன் நியாய விலைன்னு மடல் எழுதறான்னு தோணும். நான் சொல்றது என்னன்னா இத பேசறதுக்கு நேரமே இதுதான். விலை விழுந்தப்புறம் நாங்க வந்து கேட்டா அது கெஞ்சல், நீங்க குடுத்தா அது தருமம், ரெண்டு பேருக்கும் அது வேணாம். விலை மேல இருக்கறப்ப "இதுக்குக் கீழ போனாலும் இந்த விலைக்கு எடுத்துக்கறோம்"னு ஒரு அடி விலைய எழுதிக்கிட்டா இன்னைக்கு உங்களுக்கு ஒரு பைசா செலவு கிடையாது. செலவே இல்லாத நாள்ல எழுத முடியலன்னா கஷ்டமான நாள்ல சத்தியமா எழுத முடியாது.

விலை விழுமான்னு கேக்கறவங்க பழசக் கொஞ்சம் பாக்கணும். 1962லருந்து உலக நாடுகள் சேந்து காப்பி ஒப்பந்தம்னு ஒண்ணு வச்சிருந்தாங்க, எந்த நாடு எவ்வளவு ஏத்துமதி பண்ணலாம்னு கோட்டா போட்டு விலைய ஒரு வரம்புக்குள்ள தாங்கிப் பிடிச்சாங்க. 1989 ஜூலையில அந்த கோட்டா ஒடைஞ்சுது, சில மாசத்துலயே விலை பாதிக்குப் பக்கத்துல வந்துடுச்சு. நம்ம நாட்டுல அப்ப பூல் முறை இருந்துச்சு, 1942 காப்பிச் சட்டப்படி எல்லாரும் காப்பிய அரசாங்கத்தோட காப்பி வாரியத்துக்கிட்டத்தான் குடுக்கணும், வாரியம் வித்து பணத்தத் தவணை தவணையா குடுக்கும். அந்தத் தவணை வர்றதுக்குள்ள அடுத்த பூ பூத்துடும்னு பெரியவங்க கோவமா சொல்லுவாங்க, அது வாஸ்தவம்தான், ஆனா விலை அடியோட சாயாம ஒரு தாங்கல் அதுல இருந்துச்சு. 90கள்ல கொஞ்சம் கொஞ்சமா அந்த பூல் முறையத் தளத்தி 1996ல முழுசா எடுத்துட்டாங்க, விவசாயி யாருக்கு வேணா விக்கலாம்னு ஆச்சு. மொத ரெண்டு மூணு வருஷம் நல்ல விலை, எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் 2001ல பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழ போச்சு, அதாவது கிலோவுக்கு ஒரு டாலர் சொச்சம். பக்கத்துல வயநாட்டுல காப்பியும் மிளகும் ஒண்ணா விழுந்து கடன்ல மாட்டி உயிரையே விட்ட விவசாயிங்க எத்தனையோ பேரு. எங்க மலையிலயும் அப்ப பழத்த செடியிலயே விட்டவங்க உண்டு, பறிக்கிற கூலிக்கே விலை கட்டல.

அந்த வருஷங்கள்ல நடந்தது இன்னொண்ணு, அதுதான் உங்க தொழிலுக்கு நேரா சம்பந்தப்பட்டது. அராபிகாவுக்குப் பெரிய எமன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான்ங்கற வண்டு. வண்டு தண்டுப் பட்டையோட வெடிப்புல முட்டை வைக்கும், புழு உள்ள போயி தண்டையே குடைஞ்சு தின்னுடும், வெளிய பாத்தா இலை மஞ்சளாகி வாடுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. வண்டு பறக்கறது வருஷத்துக்கு ரெண்டு பருவம், ஏப்ரல் மே ஒண்ணு, அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் ஒண்ணு. அதுக்கு முன்னாடியே தோட்டம் முழுக்க செடி செடியா நின்னு பாத்து, துளைச்ச செடியப் பிடுங்கி எரிச்சு, மத்த செடிக்குப் பட்டைய தேச்சு விட்டு, நிழல் சரி பண்ணணும். எல்லாம் ஆள் வேலை, மருந்தடிச்சு தீக்கற நோய் இல்ல. விலை இல்லாத வருஷத்துல மொதல்ல நிக்கிறது இந்த வேலைதான், ஏன்னா இன்னைக்கு விட்டா இன்னைக்கு தெரியாது. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு பாத்தா தோட்டத்துல பாதி செடி இல்ல. மறுபடி நட்டா மொதப் பழத்துக்கு மூணு நாலு வருஷம், முழுக் காய்ப்புக்கு இன்னும் மேல. அதுக்குள்ள கடனுக்காக நிழலுக்கு வச்ச சில்வர் ஓக் மரத்த வெட்டி வித்திருப்பாங்க, நிழல் போனா வெயில் கூடும், வெயில் கூடுனா துளைப்பான் இன்னும் கூடும். விலை ஏறுன வருஷத்துல "கொட்டையே கிடைக்க மாட்டேங்குது"ன்னு நீங்க அலையறீங்கல்ல, அதுக்கு பிரேசில் மட்டும் காரணம் இல்ல, முந்தி விலை விழுந்தப்ப எங்க தோட்டங்கள்ல செத்த செடியும் காரணம்.

எங்க மலை எதுன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். வத்தலகுண்டுலருந்தும் ஒட்டன்சத்திரத்துலருந்தும் மேல ஏறுனா தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, கே.சி.பட்டி, பாச்சலூர், ஆடலூர்னு ஊருங்க, எல்லாம் கொடைக்கானலுக்குக் கீழ அடுக்கு. காப்பி மட்டும் தனியா யாரும் போடறதில்ல, மேல நிழலுக்கு சில்வர் ஓக்கு, கல்யாண முருங்கை, பலா, அதுல மிளகுக் கொடி, நடுவுல ஆரஞ்சு, எலுமிச்சை, பட்டர் ஃப்ரூட், மலை வாழை, கீழ காப்பி. மலை வாழையில முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமா அழிஞ்ச கதை 70கள்லருந்து இங்க எல்லா வீட்லயும் தெரியும், ஒரே பயிர நம்பக்கூடாதுன்னு எங்களுக்குக் கத்துக் குடுத்தது அதுதான். ஏற்காட்டுல 1820கள்ல சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி வச்சாரு, அதுலருந்து பாத்தா தமிழ்நாட்டு மலைங்கள்ல காப்பிக்கு இருநூறு வருஷம். நாட்டு மொத்த விளைச்சல்ல தமிழ்நாட்டோட பங்கு சுமாரா 5 சதவீதம்தான், கர்நாடகா மட்டும் 70 சதவீதம் பக்கம். இந்தியாவுல காப்பித் தோட்டம் வச்சிருக்கவங்கள்ல 98 சதவீதத்துக்கு மேல 10 ஹெக்டேருக்குக் கீழ உள்ள சிறு விவசாயிங்கதான், எங்க பக்கம் ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் குடும்பங்க சாதாரணம்.

எங்களுக்குன்னு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு, சிக்மகளூர்க்காரங்களுக்கு அது அவ்வளவா கிடையாது. அவங்க பழம் எடுக்கறப்ப மழை பெரும்பாலும் ஓஞ்சிருக்கும். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் பழம் சிவக்கறதும் ஒண்ணா வரும். மழையில பழம் வெடிச்சு உதிரும், எடுத்து தோல் உரிக்கிற பல்ப்பர் மிஷின்ல போட்டு கழுவி பார்ச்மென்ட்டா, அதாவது உள் ஓட்டோட இருக்கற கொட்டையா, களத்துல விரிச்சா மூணு மணிக்கே மூடாப்பு வந்துடும், தார்ப்பாய இழுத்து மூடணும், மறுபடி பிரிக்கணும், ராத்திரி எழுந்து பாக்கணும். பார்ச்மென்ட் ஈரம் 10 சதவீதத்துக்கு வரணும், வராம மூட்டை கட்டுனா பூஞ்சை வாடை வந்துடும். களம் இல்லாதவங்க, பல்ப்பர் இல்லாதவங்க பழத்த தோலோட அப்படியே செர்ரியா காயப்போட்டுடுவாங்க, அதுக்கு விலை கம்மி. நல்ல காப்பி நல்ல காப்பின்னு நீங்க கேக்கறீங்க, நல்ல காப்பிங்கறது எங்க மலையில ஒரு சிமென்ட் களமும் ஒரு கூரையும்தான், அது போட காசு வேணும், அந்தக் காச வருஷா வருஷம் மாறுற விலைய நம்பி யாரும் போட மாட்டாங்க.

அந்த விலை எங்களுக்கு எப்படி வருதுன்னு சொல்றேன். ஆடி ஆவணியில உரம் போடணும், களை எடுக்கணும், பசங்க பீஸ் கட்டணும், கையில காசு இருக்காது. அப்ப கீழருந்து வர்ற ஏவாரி முன்பணம் குடுப்பாரு, காப்பி அவருக்குத்தான்னு பேச்சு. அவர கெட்டவர்னு நான் சொல்ல மாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட அவர்தான் குடுப்பாரு, பேங்க் மேனேஜர் எங்க வாசப்படி ஏறி வந்தது கிடையாது. ஆனா பேரம்னு ஒண்ணு அங்கயே முடிஞ்சு போகுது. மார்கழியில மூட்டைய இறக்குனா "ஈரம் இருக்கு"ன்னு கையில அள்ளிப் பாத்து கழிவு சொல்வாங்க, மீட்டர் வைக்க மாட்டாங்க. எங்க வீட்டு மூட்டையிலயே அப்படிக் கழிச்சதப் பாத்து எங்கம்மா ஒண்ணும் பேச முடியாம நின்னது எனக்கு மறக்காது, காயவச்சது அவங்க, எவ்வளவு காஞ்சுதுன்னு அவங்களுக்குத் தெரியும். விலை எவ்வளவுன்னு அன்னைக்கு காலையில போன்ல வரும், நியூயார்க் இறங்கிடுச்சும்பாங்க, ஏறுனா மெதுவா ஏறும், இறங்குனா அன்னைக்கே இறங்கும்.

இப்ப வெளிநாட்டுல ஃபேர் டிரேட்னு சொல்றாங்களே அதுக்கு வர்றேன். 1988ல நெதர்லாந்துல தொடங்குனது, மெக்சிகோவுல ஓஹாக்கா மலையில இருந்த பழங்குடி காப்பி விவசாயிங்க சங்கமும், அங்கயே அவங்களோட வாழ்ந்த ஃபிரான்ஸ் வான் டெர் ஹாஃப்ங்கற டச்சுப் பாதிரியாரும், நிகோ ரோசன்ங்கறவரும் சேந்து பண்ணது. அந்த விவசாயிங்க கேட்டது உதவி இல்ல, எங்க காப்பிய சரியான விலைக்கு வாங்குங்க அது போதும்னாங்க. அந்த வழிமுறை எளிசு. சிறு விவசாயிங்க சங்கமா சேரணும். சந்தை எவ்வளவு விழுந்தாலும் ஒரு குறைஞ்சபட்ச விலை உண்டு, சந்தை அதுக்கு மேல போனா சந்தை விலை. அது போக ஒரு பிரீமியம், அத எதுக்கு செலவழிக்கணும்னு சங்கத்துக் கூட்டத்துல அவங்களே முடிவு பண்ணணும். கழுவுன அராபிகாவுக்கு அந்தக் குறைஞ்சபட்ச விலை 2011லருந்து பவுண்டுக்கு 1.40 டாலரா கிடந்துச்சு, 2023 ஆகஸ்ட்ல 1.80 ஆக்குனாங்க. பிரீமியம் 20 சென்ட். ரெண்டும் சேத்தா 2 டாலர், கிலோ பச்சைக்கொட்டைக்கு, அதாவது வறுக்காத கொட்டைக்கு, 4.40 டாலர். டாலருக்கு 85 ரூவான்னு வச்சா 375 ரூவா பக்கம் வரும். அது துறைமுகத்து விலை, களத்து விலை இல்ல, அதுல சங்கத்தோட செலவு கழியும். ஆனா ஒரு அளவுகோல் கிடைக்குது பாருங்க.

எல்லாம் அங்க சரியா இருக்குன்னு நான் சொல்ல வரல. சங்கத்துக்காரங்க விளைய வைக்கிற மொத்தத்துல ஒரு பகுதிதான் ஃபேர் டிரேட் விலைக்குப் போகுது, மிச்சம் சாதாரண சந்தைக்குத்தான், ஏன்னா அந்த முத்திரை போட்ட காப்பிய வாங்கற ஆளு அவ்வளவுதான் இருக்காங்க. சான்றிதழ் கட்டணம், ஆடிட், பேப்பர் வேலை எல்லாம் சின்ன சங்கத்துக்கு பாரம். அதவிட முக்கியமா, 2014ல லண்டன் சோவாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவுலயும் உகாண்டாவுலயும் போயி பாத்துட்டு, ஃபேர் டிரேட் சங்கம் இருக்கற பகுதியிலயும் கூலிக்கு வேலை பாக்கறவங்களுக்கு நெலம ஒண்ணும் தேறல, சில இடத்துல மத்த இடத்த விட கூலி கம்மியாவே இருக்குன்னு எழுதுனாங்க. இத நான் ஒளிக்க விரும்பல. நிலம் உள்ளவனுக்கு விலை வந்தா பழம் எடுக்கறவங்களுக்குத் தானா போயிடும்னு நம்புறது தப்பு.

எங்க மலையிலயும் அதேதான். பழம் எடுக்கறது பெரும்பாலும் பொம்பளைங்க, அதுல பளியர் பழங்குடி சனங்க நெறைய. காட்டுக்குள்ள தேன் எடுத்து கிழங்கு தோண்டி வாழ்ந்தவங்க, 2006 வன உரிமைச் சட்டம் வந்தும் எல்லாருக்கும் பட்டா வரல, அதனால தோட்டக் கூலிதான் சோறு. சரிவுல இடுப்புல பைய கட்டிக்கிட்டு அட்டைக்கடியில ஈர மண்ணுல நின்னு பழுத்தத மட்டும் பாத்து பாத்து எடுக்கறாங்க. விடியக்காலையில எதிர்ல காட்டுமாடு நிக்கும். நம்ம சனம் காப்பிக்குக் கூலியா போனதும் இன்னைக்கு நேத்து கதை இல்ல, 1820கள்லருந்தே சிலோன் காப்பித் தோட்டத்துக்குக் கடல் தாண்டி மன்னார் கரையில இறங்கி காட்டு வழியா மாத்தளை கண்டின்னு நடந்தே போனாங்க, காலராவுலயும் பசியிலயும் வழியிலயே விழுந்தவங்க ஏராளம். 1869ல அங்க இலைத்துரு நோய் வந்து பதினஞ்சு இருபது வருஷத்துல காப்பியே போச்சு, தோட்டம் தேயிலைக்கு மாறுச்சு, சனம் கூலிக்காரங்களுக்குக் கட்டுன அதே லயத்து வீட்லயே கிடந்துச்சு. அவ்வளவு நீள வரலாறு இருக்கற ஊர்ல நாம போடற ஒப்பந்தத்துல பழம் எடுக்கறவங்க கூலி ஒரு வரியாவது எழுதியிருக்கணும். விவசாயிக்கு அடி விலைன்னா அந்த விவசாயி அவங்களுக்குக் குடுக்கற கூலிக்கும் ஒரு அடி இருக்கணும், பிரீமியம்னு ஒண்ணு வச்சா அத செலவழிக்கற கூட்டத்துல அவங்க சார்புல ஆளு உக்காரணும். எங்க விவசாயிங்களுக்கே இது கசக்கும், தெரியும், ஆனாலும் சொல்றேன்.

பக்கத்துல பாத்து கத்துக்கறதுக்கு ஆளு இருக்காங்க. வயநாடு கண்ணூர் காசர்கோடு பக்கம் ஃபேர் டிரேட் அலையன்ஸ் கேரளான்னு சிறு விவசாயிங்க சேந்து முந்திரி, காப்பி, தேங்காய், மிளகுன்னு வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. ஆந்திராவுல அரக்குப் பள்ளத்தாக்குல ஆதிவாசிங்க கூட்டுறவா சேந்து காப்பி போட்டு 2017ல அவங்க காப்பிக்கு பாரிஸ்லயே கடை திறந்தாச்சு. 2019ல புவிசார் குறியீடு வாங்குன அஞ்சு காப்பியில கூர்க், சிக்மகளூர், பாபா புடன்கிரி, வயநாடு, அரக்கு எல்லாம் வந்துச்சு, ஏற்காடோ பழனி மலையோ நீலகிரியோ அதுல வரல. இத்தனைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் குறியீடு வாங்குன மாவட்டம் எங்களுது.

ஆனா அவங்க வழி அப்படியே எங்களுக்குப் பொருந்தாது, ஏன்னா எங்க காப்பிய குடிக்கறது பாரிஸ்காரங்க இல்ல, நீங்களும் உங்க கஸ்டமரும்தான். பட்டிவீரன்பட்டி கியூரிங் ஆலையில ஓட உடைச்சு தரம் பிரிச்சு மதுரைக்கும் திருச்சிக்கும் கும்பகோணத்துக்கும் மெட்ராஸுக்கும் உங்க வறுகடைக்கு வந்து சேருது. உங்க போர்டுல "பிளான்டேஷன் ஏ", "பீபெரி", "ரோபஸ்டா"ன்னு போட்டிருக்கு, எந்த மலைன்னு போடல. ஐரோப்பாக்காரன் 2023ல ஒரு சட்டம் போட்டுட்டான், 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காடு அழிச்ச நிலத்துல விளைஞ்ச காப்பி வேணாம், எந்த நிலத்துல விளைஞ்சுதுன்னு மேப்புல காட்டுன்னு. அமல் தேதிய தள்ளித் தள்ளி வச்சாலும் அதுக்காக நம்ம காப்பி வாரியம் தோட்டம் தோட்டமா பதிவு பண்ணிக்கிட்டு இருக்கு. கடல் தாண்டி வாங்கறவன் என் தோட்டத்து எல்லைய கேக்கறான், நூத்தம்பது கிலோமீட்டர்ல இருக்கற கடைக்கு என் மலைப் பேரே தெரியல. அதுல எனக்கு வருத்தம் உண்டு.

பாக்கெட்ல சிக்கரி எத்தன சதவீதம்னு நீங்க போட்டே ஆகணும், சட்டம் அது, 49க்கு மேல சிக்கரி போகவும் கூடாது. குஜராத்ல விளையற சிக்கரி எவ்வளவுன்னு எழுதற அதே இடத்துல, காப்பி எந்த மலை, எந்த சங்கம், அந்த வருஷம் கிலோ பச்சைக்கொட்டைக்கு அவங்களுக்கு என்ன விலை குடுத்தோம்னு ரெண்டு வரி போடுங்க. வெளிநாட்டு முத்திரை எதுவும் வாங்க வேணாம், ராயல்டி கட்ட வேணாம். எழுதுனது பொய்யின்னா நாங்களே சொல்லிடுவோம், நாங்க தூரத்துல இல்ல.

கஸ்டமர் தாங்க மாட்டாங்கன்னு சொல்வீங்க. கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு கிலோ தூளுக்கு வறுக்கறதுல எடை குறையறதயும் சேத்தா சுமார் 1.2 கிலோ பச்சைக்கொட்டை. அதுக்கு ஏழு கிலோ பழம் எடுக்கணும். டம்ளருக்கு 10 கிராம் தூள்னு வச்சா ஒரு கிலோவுல நூறு டம்ளர். நீங்க பச்சைக்கொட்டைக்கு கிலோவுக்கு 50 ரூவா கூட குடுத்தீங்கன்னா தூளுக்கு 60 ரூவா கூடும், டம்ளருக்கு 60 பைசா. சிக்கரி கலந்த தூள்னா இன்னும் கம்மி. பால் விலை ஏறுனப்ப, கேஸ் விலை ஏறுனப்ப நீங்க டம்ளருக்கு எவ்வளவு ஏத்துனீங்கன்னு உங்களுக்கே தெரியும், சனம் குடிக்கறத விடல. விலை விழுந்த வருஷத்துல அந்த 50 ரூவா எங்களுக்கு என்னன்னா, துளைப்பான் செடியப் பிடுங்கற ஆள் கூலி. அதாவது அடுத்த பத்து வருஷத்துக்கு தோட்டம்.

இன்னொரு நியாயமான புகார் உங்ககிட்ட இருக்கு, அதையும் மறைக்காம பேசிடறேன். "போன தடவை பேசி வச்சோம், விலை ஏறுனதும் வேற ஆளுக்கு வித்துட்டாங்க"ன்னு. நடந்திருக்கு, மெக்சிகோவுலயும் கொலம்பியாவுலயும் சங்கங்களுக்கே அது நடந்திருக்கு, விலை ஏறுற வருஷத்துல உறுப்பினரே வாசல்ல வந்த ஏவாரிக்கு குடுத்துடறாங்க, ஏன்னா ஏவாரி ரொக்கமா குடுக்கறாரு, சங்கம் ஒரு மாசம் கழிச்சு குடுக்குது. அதனாலதான் ஒப்பந்தத்துல ஒரே விலைய எழுதாதீங்கன்னு சொல்றேன். அடி விலை ஒண்ணு, அதுக்கு மேல சந்தை போனா அன்னைக்கு சந்தை விலை, அதுக்கு மேல கிலோவுக்கு ஒரு சின்னத் தொகை, பணம் எடை போட்ட ஒரு வாரத்துக்குள்ள பேங்க்ல. அப்புறம் யாரும் ஓட மாட்டாங்க, ஓடுனா அடுத்த வருஷம் அவங்க மூட்டைய சங்கம் எடுக்கக் கூடாது, அந்த விதிய நாங்களே எழுதித் தர்றோம். அடி விலை எவ்வளவுன்னு நான் இங்க நானா சொல்லல, உரம், ஆள் கூலி, களம், மழையில போற சேதாரம் எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல போட்டு ரெண்டு தரப்பும் உக்காந்து ஒரு முடிவுக்கு வரட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கலாம். மூணு வருஷத்துக்காவது இருக்கணும், ஒரு வருஷ ஒப்பந்தத்த நம்பி யாரும் களம் போட மாட்டாங்க. உங்க மொத்த கொள்முதலயும் கேக்கல, பத்துல ஒரு பங்குல ஆரம்பிங்க.

எங்க பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கு. பச்சைக்காயையும் பழத்தையும் ஒண்ணா உருவற பழக்கத்த விடணும், தனித்தனியா நிக்காம ஊருக்கு ஒரு குழுவா சேரணும், கணக்கு எழுதணும், பொம்பளைங்க பேர்லயும் பணம் போகணும். தாண்டிக்குடியில காப்பி வாரியத்தோட மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கு, தடியன்குடிசையில தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, செடி ரகம் பத்தி, நோய் பத்தி சொல்ல ஆளு இருக்காங்க. வாரியத்து அதிகாரிங்க யாராவது இத படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை, ரகமும் மருந்தும் சொல்றதோட நிக்காம இந்த ஒப்பந்தத்துக்கு நடுவுல நின்னு ஈரம் பாக்கவும் தரம் பிரிக்கவும் பொதுவான ஒரு ஆளா இருங்க, பழனி மலைக் காப்பிக்குக் குறியீடு கேட்டு மனு போடறதுக்கு வழி காட்டுங்க.

தேதி ஒண்ணு சொல்லிடறேன். கொள்முதல் பேச்ச மார்கழியில மூட்டைய வச்சுக்கிட்டு பேசறது எங்களுக்குத் தோல்வி. ஆவணியில வாங்க, பழம் இன்னும் பச்சையா இருக்கறப்ப, முன்பணத்துக்கு நாங்க அலையறதுக்கு முன்னாடி. ஒப்பந்தம் கையில இருந்தா அத வச்சு கூட்டுறவு பேங்க்ல கேட்டுப் பாக்கலாம், ஏவாரி முன்பணம் வாங்காம ஒரு வருஷம் தள்ளிடலாம். வர்றப்ப உங்க ஆளு ஒருத்தர், கணக்கு தெரிஞ்சவர் ஒருத்தர், ஒரு ஈரமானி. தாண்டிக்குடியிலயோ பண்ணைக்காட்டுலயோ உக்காந்து பேசலாம், விவசாயிங்களையும் பழம் எடுக்கறவங்களையும் நாங்க கூட்டி வைக்கிறோம். எந்த கடையிலருந்து மொதல்ல ஆள் வருதோ அந்தக் கடைக்கு அந்த வருஷத்துக் கழுவுன அராபிகாவுல மொதத் தரத்த ஒதுக்கி வைப்போம்னு எங்க பக்கத்து நாலஞ்சு குடும்பங்க பேசி வச்சிருக்கோம்.

இப்படிக்கு,
கீழ்ப்பழனி மலையில காப்பி போடற ஒரு குடும்பத்துலருந்து